அம்மாவுக்கு முதுகு ஆபரேஷனில் "ஜவ்வு கிழிஞ்சது" என்றார் டாக்டர். எந்த ஜவ்வு?

வைகைக்கரை
செவ்வாய், இரவு 11.50

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 62 வயது. இரண்டு வருடமாக, கொஞ்ச தூரம் நடந்தாலே இரண்டு காலும் கனத்துவிடும். ரேஷன் கடைக்குப் போகிற வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் போவார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில், இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே, எல்4-எல்5 என்கிற இடத்தில் நரம்புப் பாதை நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்று வந்தது. போன சனிக்கிழமை ஆபரேஷன். இரண்டு மணி நேரம் என்றார்கள், மூன்றேகால் மணி நேரம் ஆனது. வெளியே வந்த டாக்டர், "நல்லா முடிஞ்சது. ஜவ்வு லேசா கிழிஞ்சது, தச்சிட்டோம். ரெண்டு நாள் படுத்தே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.

முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் ஜவ்வைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். அதற்காகத்தானே ஆபரேஷன், அதைத் தைத்துவிட்டார்கள் என்றால் நல்லதுதானே என்று சித்தப்பா எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

நேற்று அம்மாவை எழுப்பி உட்கார வைத்தார்கள். ஐந்து நிமிடம் ஆகவில்லை, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பின்மண்டையப் புடிச்சு யாரோ கீழ இழுக்கற மாதிரி இருக்குப்பா" என்றார். குமட்டல் வேறு. படுக்க வைத்தவுடன் பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. இன்றைக்கு மூன்று தடவை உட்கார வைத்தார்கள், மூன்று தடவையும் அதே கதை. கேஸ் ஷீட்டை நர்ஸ் வைத்துவிட்டுப் போன நேரத்தில் பார்த்தேன். "இன்சிடென்டல் டியூரோடமி, பிரைமரி ரிப்பேர் டன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. டியூட்டி டாக்டரிடம் கேட்டால் சகஜம்தான் என்கிறார். சென்னையில் இருக்கும் அக்கா அதை நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, மூளைத் தண்ணி ஒழுகுதாம்டா என்று போனில் அழுகிறாள்.

கிழிந்தது எந்த ஜவ்வு? அம்மாவின் கால் வராமல் போய்விடுமா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

தியேட்டர்_சிஸ்டர்
புதன், அதிகாலை 12.35

தம்பி, பயப்படாதீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் 19 வருடம் வேலை பார்த்தவள் நான். முதலில் அந்த வார்த்தையைத் தெளிவாக்கிவிடுகிறேன், பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது.

நம் ஊரில் எல்லாமே ஜவ்வுதான். மூட்டில் கிழிந்தாலும் ஜவ்வு, காதில் ஓட்டை விழுந்தாலும் ஜவ்வு, டிஸ்க் பிதுங்கினாலும் ஜவ்வு. உங்கள் அம்மாவுக்குக் கிழிந்தது டிஸ்க் அல்ல. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி மூன்று உறைகள் இருக்கின்றன. வெளிப்பக்கம் இருக்கிற தடித்த உறைக்குப் பெயர் டியூரா. தடித்தது என்று சொன்னாலும் இடுப்புப் பகுதியில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த உறைக்குள் தண்ணீர் போலத் தெளிவாக ஒரு திரவம் இருக்கிறது, மூளைத் தண்டுவட நீர். நரம்புகள் அதில்தான் மிதக்கின்றன. ஆபரேஷன் செய்யும்போது உறையில் தவறுதலாகக் கீறல் விழுந்தால் அந்த நீர் வெளியே வரும். அந்தக் கீறலைத்தான் தைத்திருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் நீங்கள் பார்த்த ஆங்கில வரிக்கும் அதுதான் அர்த்தம்.

உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள். நீர் குறைந்திருக்கிறது, அல்லது இன்னும் கொஞ்சம் கசிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். காலையில் ரவுண்ட்ஸ் வருவார்களே, அப்போது பெரிய டாக்டரிடமே நேராகச் சொல்லுங்கள். "தலை வலிக்குது" என்று மட்டும் சொன்னால் பாரசிட்டமால் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். "எழுந்தா அஞ்சு நிமிஷத்துல வலிக்குது, படுத்தா போயிடுது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் விஷயம் அவருக்குப் புரியும்.

இன்னொன்று. இப்போதே போய் அம்மாவின் முதுகுக் கட்டையும் கீழே விரித்திருக்கிற துணியையும் பாருங்கள். கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ரத்தக்கறை என்றால் சிவப்பாக இருக்கும், காய்ந்ததும் பழுப்பாகும். இந்த நீர் கலந்திருந்தால் நடுவில் ரோஸ் நிறமும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். அப்படி ஏதாவது தெரிந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே டியூட்டி டாக்டரை எழுப்புங்கள்.

வைகைக்கரை
புதன், அதிகாலை 1.10

பார்த்துவிட்டேன் சிஸ்டர். கட்டு காய்ந்துதான் இருக்கிறது. கீழ் ஓரத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பழைய ரத்தக்கறை, அவ்வளவுதான். போர்வையும் காய்ந்திருக்கிறது. ரொம்ப நன்றி.

ஆறுசக்கரம்
புதன், காலை 5.45

நாமக்கல் பக்கம். லாரி ஓட்டுகிறேன். எனக்கு 2014-இல் ஒரு தடவை டிஸ்க் ஆபரேஷன், அதே இடத்தில் 2019-இல் மறுபடியும். இரண்டாவது தடவைதான் உறை கிழிந்தது. பழைய தழும்பு உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பிரிக்கும்போது போய்விட்டது என்று டாக்டரே கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னார். பேப்பரில் வட்டம் போட்டு வரைந்தும் காட்டினார். அந்தப் பேப்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஐந்து நாள் தலையணை இல்லாமல் மட்டமாகப் படுக்க வைத்தார்கள். தம்பி, அந்த ஐந்து நாளில் வலியைவிடக் கொடுமை சாப்பாடும் வெளிக்குப் போவதும்தான். என் வீட்டுக்காரம்மா இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஸ்பூனில் கன்னத்தோரமாக ஊட்டுவார். மல்லாந்து படுத்துக்கொண்டு விழுங்கினால் புரை ஏறும். இருமினால் முதுகில் சுளீர் என்று வரும், அதோடு இருமல் அந்தத் தையலுக்கும் ஆகாது. தண்ணீர், இளநீர், ரசம் எல்லாம் வளைகிற ஸ்ட்ராவில்தான். அம்மாவுக்கு ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.

மலச்சிக்கல் வரவே கூடாது. முக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். மருந்து கொடுப்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பிப் படுக்கும்போது தோளும் இடுப்பும் சேர்ந்து ஒரே கட்டையாக உருள வேண்டும். இடுப்பை மட்டும் முறுக்கிவிடக் கூடாது.

ஆறாம் நாள் எழுந்தேன். தலை கொஞ்சம் கிறுகிறுத்தது, வலி இல்லை. நான்கு மாதம் கழித்து வண்டி எடுத்தேன். இன்றைக்கும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா நடப்பார், கவலைப்படாதீர்கள்.

மல்லிப்பூ
புதன், காலை 7.20

என் மாமியாருக்கு அடுத்த மாதம் இதே ஆபரேஷன். தொடர்ந்து படிக்கிறேன். அம்மா சீக்கிரம் குணமாகட்டும்.

தண்டுவடம்
புதன், பிற்பகல் 2.30

நான் முதுகெலும்பு அறுவை செய்யும் மருத்துவன். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல முடியாது, அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நடந்தது என்ன என்பதை விளக்க முடியும்.

முதலில் கால் பற்றி. வயது வந்தவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக எல்1-எல்2 மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே உறைக்குள் இருப்பது நரம்பு இழைகளின் கொத்து, குதிரைவால் மாதிரி. அம்மாவுக்கு அறுவை நடந்த எல்4-எல்5 அதற்கும் கீழே. அங்கே உறையில் கீறல் விழுந்தால் தண்டுவடம் அறுபட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. கிழிசல் வழியாக நரம்பு இழை வெளியே பிதுங்கி மாட்டிக்கொண்டாலோ அடிபட்டாலோதான் காலுக்குப் பாதிப்பு. ஆபரேஷனுக்கு முன்னால் அசைந்த பாதமும் கட்டைவிரலும் இப்போதும் அசைகின்றன என்றால் அது மிக நல்ல அடையாளம்.

எப்படிக் கிழிகிறது? பாதை சுருங்கியவர்களுக்கு லிகமென்டம் ஃபிளேவம் என்கிற மஞ்சள் தசைநார் தடித்துப்போயிருக்கும். வருடக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருந்ததில் அது உறையோடு ஒட்டியும் போயிருக்கும். உறையும் வயதாக ஆக மெலியும். நாங்கள் கெரிசன் என்ற கருவியால் எலும்பையும் அந்தத் தசைநாரையும் கடித்துக் கடித்து எடுப்போம். பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுவாரே, அந்தக் கருவியை நீளமாகச் செய்ததுபோல இருக்கும். உறையின் ஒரு மடிப்பு அதன் வாயில் சிக்கினால் போதும். சட்டென்று தெளிந்த நீர் ஊறிக் குழி நிறையும். இத்தனை வருடம் கழித்தும் அந்த நொடியில் எனக்கு வயிறு கலங்கும்.

அதன்பிறகு அவசரப்படக் கூடாது. கிழிசலின் முழு நீளமும் தெரிகிற அளவுக்கு எலும்பை எடுத்து, நரம்பை உள்ளே தள்ளி, முடி போன்ற மெல்லிய நூலால் தைப்போம். தைத்தபின் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லி நுரையீரலில் காற்றழுத்தத்தைக் கொஞ்ச நேரம் ஏற்றிப் பிடிக்கச் சொல்வோம். இருமும்போது ஏறுகிற மாதிரி உள்ளே அழுத்தம் ஏறும். அப்போதும் கசியவில்லை என்றால் நிம்மதி. மேலே கொழுப்புத் துண்டோ ஃபைப்ரின் பசையோ வைத்து, தசையின் உறையை நீர் புகாமல் இறுக்கித் தைத்து மூடுவோம். உங்கள் டாக்டர் கூடுதலாக எடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில் பெரும்பகுதி இதற்குப் போயிருக்கும்.

எவ்வளவு பேருக்கு நடக்கிறது என்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து நடத்திய ஸ்போர்ட் என்ற பெரிய ஆய்வில், முதல்முறை டிஸ்க் அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு உறை கிழிந்தது. பாதை சுருக்கத்துக்கு அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 9 சதவீதம். ஏற்கெனவே ஒருமுறை அறுவை நடந்த இடமென்றால் வாய்ப்பு இன்னும் கூடும், நாமக்கல் நண்பர் சொன்னது அதுதான். அதே ஆய்வில் நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது, உறை கிழிந்தவர்களுக்கும் கிழியாதவர்களுக்கும் வலியிலோ நடமாட்டத்திலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. எல்லா ஆய்வும் ஒரே குரலில் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் கண்டுபிடித்து ஒழுங்காகத் தைத்தால் பெரும்பாலோர் நன்றாகவே தேறுகிறார்கள். என் அனுபவமும் அதுதான்.

தலைவலிக்கு வருவோம். பெரியவர்கள் உடம்பில் இந்த நீர் மொத்தமே 150 மில்லி அளவுதான் இருக்கும், ஒரு காபி டம்ளர் கொள்கிற அளவு. ஆனால் நாளுக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. அதனால் இழந்ததை உடம்பு ஈடுகட்டிவிடும், கசிவு நிற்க வேண்டும், அவ்வளவுதான். நீர் குறைவாக இருக்கும்போது எழுந்து உட்கார்ந்தால் மூளைக்குத் தாங்கல் குறையும். அது சற்றே கீழே இறங்கி உறைகளை இழுக்கும். "யாரோ கீழ இழுக்கற மாதிரி" என்று உங்கள் அம்மா சொன்னாரே, உள்ளே நடப்பதும் ஏறக்குறைய அதேதான். 1898-இல் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் முறையைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மன் மருத்துவர், தன் முதுகிலேயே அந்த ஊசியைப் போடச் சொன்னார். நீர் நிறைய வெளியேறிவிட்டது. எழுந்தால் தலைவலி, படுத்தால் சரி என்று பல நாள் கிடந்து, அதை அவரே எழுதியும் வைத்தார்.

நான்காம் நாள் இந்தத் தலைவலி இருப்பது அபூர்வம் இல்லை. நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இன்னும் ஓரிரு நாள் மட்டமாகப் படுக்கை, நிறைய நீராகாரம், காபி, வலி மாத்திரை, இவற்றிலேயே அடங்கிவிடும். கட்டு நனைந்தால், காய்ச்சல் வந்தால், கழுத்தை முன்னால் குனிய முடியாமல் விறைத்தால், வெளிச்சம் கண்ணைக் குத்தினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், உட்காரும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்தால், படுத்தாலும் தலைவலி போகாமல் இருந்தால், இதில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். காயத்தில் சேரும் ரத்தத்தை வடிக்க வைக்கிற டிரெய்ன் பாட்டில் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அது உறிஞ்சும் நிலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். உறை கிழிந்தவர்களுக்கு வேகமாக உறிஞ்சவிடக் கூடாது.

கேள்விக்குறி
புதன், இரவு 9.15

டாக்டர் எழுதியதைப் படித்தேன். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு இதில் ஒரு வரிகூட யாரும் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் எல்5-எஸ்1 டிஸ்க் ஆபரேஷன். ஊரையும் ஆஸ்பத்திரியையும் எழுத விரும்பவில்லை. "சூப்பரா முடிஞ்சது" என்றார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுந்தால் தலை வலித்தது, மயக்க மருந்தின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் காலையில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வியர்வை என்று நினைத்தேன். என் மகள்தான் பார்த்துவிட்டு, "அப்பா, தையல்லேர்ந்து தண்ணி சொட்டுது" என்றாள். பக்கத்து கிளினிக்கில் மேலே இன்னும் இரண்டு பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். பதினோராம் நாள் குளிரோடு காய்ச்சல். கழுத்தை அசைக்க முடியவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், மூளை உறைக் காய்ச்சல் என்றார்கள். மறுபடி ஆபரேஷன், மூன்று வாரம் நரம்பில் மருந்து. என் மனைவி தாலிக்கொடியை அடகு வைத்தாள்.

முதல் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் உறை கிழிந்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டால், ஆபரேஷனில் எதுவும் நடக்கவில்லை, பிறகு தானாகக் கிழிந்திருக்கும் என்றார்கள். ஒரு வார்த்தை, "இப்படி ஆயிருக்கு, தண்ணி மாதிரி வந்தா ஓடி வாங்க" என்று சொல்லியிருந்தால், ஒன்பதாம் நாள் காலையிலேயே போயிருப்பேன். கிழிந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை.

தண்டுவடம்
புதன், இரவு 11.05

நீங்கள் பட்டதைப் படித்து மனம் கனத்துப்போனது.

ஒரு விஷயத்தை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அறுவையின்போது கண்ணுக்குத் தெரியாமல் போகும் கிழிசலும் உண்டு. விளிம்பில் நிற்கிற எலும்புக் கூர் பிறகு குத்திக் கிழிப்பதும் உண்டு. எனவே அவர்கள் பொய்தான் சொன்னார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் நாள் உங்களுக்குத் தலைவலி இருந்திருக்கிறது. "எழுந்தா வலிக்குதா, படுத்தாலும் வலிக்குதா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். அதற்கு மருத்துவப் பக்கத்தில் நான் எந்தச் சாக்கும் சொல்ல மாட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒருமுறை முழுதாகச் சொல்லவில்லை. உறை கிழிந்தது, தைத்தேன், குறிப்பிலும் எழுதினேன். நோயாளியிடம் மட்டும் "கொஞ்சம் ஓய்வா இருங்க" என்றேன். ஏன் என்று தெரியாததால் அவர் இரண்டாம் நாளே எழுந்து பாத்ரூம் போய், பக்கெட்டில் தண்ணீர் பிடித்துத் தூக்கிவிட்டார். மறுபடி கசிந்தது. தவறு அவருடையது அல்ல, என்னுடையது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கட்டிலருகே உட்கார்ந்து, கிழிந்தது என்ற வார்த்தையையே பயன்படுத்திச் சொல்கிறேன். இதுவரை யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை.

இயன்முறை_மருத்துவர்
வியாழன், காலை 8.40

படுக்கை பற்றி ஒரு குறிப்பு. ஐந்து நாள், ஏழு நாள் என்று எல்லோரையும் படுக்க வைத்த பழைய வழக்கம் இப்போது மாறிவருகிறது. நீர் கசியாமல் நன்றாகத் தைக்கப்பட்ட சிறு கிழிசல் என்றால் ஒரு நாளிலேயே எழுப்பும் இடங்களும் உண்டு. தைக்க முடியாத இடத்தில் ஒட்டு வைத்து மூடியிருந்தால் சில நாள் படுக்க வைப்பார்கள். உறையின் நிலையை நேரில் பார்த்தவர் அறுவை செய்தவர்தான், ஆகவே நாள் கணக்கை அவரே சொல்லட்டும். ஆறுசக்கரம் அண்ணனுக்கு ஐந்து நாள் என்பதற்காக எல்லோருக்கும் ஐந்து நாள் இல்லை.

எத்தனை நாளானாலும், படுத்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு இருபது தடவையாவது. இல்லையென்றால் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்துபோகலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லுங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு இருமட்டும்.

ஆறுசக்கரம்
வியாழன், காலை 9.10

சரிங்க டாக்டர். எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். எனக்குத் தைக்க முடியாமல் ஒட்டுத்தான் வைத்தார்கள் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அந்தப் பேப்பரில் வரைந்திருக்கிறார்.

நீதிமன்றச்சாலை
வியாழன், மதியம் 1.00

கேள்விக்குறி அவர்களுக்கு. உறை கிழிந்தது என்பதை மட்டும் வைத்து அலட்சியம் என்று நிறுவுவது கடினம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையில் ஏதோ தவறிப்போனது என்பதை மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்ற நிலையை எடுத்தது. ஆனால் சமீரா கோலி வழக்கில் 2008-இல் வந்த தீர்ப்பு, சம்மதம் வாங்கும்முன் சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை நோயாளிக்குப் போதுமான அளவு விளக்க வேண்டும் என்கிறது. மருத்துவக் குறிப்புகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காமல் ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு இரண்டையும் கேளுங்கள். மயக்க மருந்துக் குறிப்பில் நேரமும் நிகழ்வும் வரிசையாக இருக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் காலவரம்பு உண்டு, ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

வைகைக்கரை
ஞாயிறு, மாலை 6.30

நான்கு நாளாக எழுத முடியவில்லை. எல்லோருக்கும் நன்றி, விவரமாகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரை நிறுத்தி, சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். "எழுந்தா அஞ்சு நிமிஷத்துல வலிக்குது, படுத்தா போயிடுது." அவர் நின்றுவிட்டார். போர்வையை விலக்கி, அம்மாவை ஒருக்களிக்க வைத்து, கட்டைப் பிரித்துத் தையலைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தார். அப்புறம் "இதை முதல் நாளே எங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். யாரிடம் சொன்னோம் என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, டியூட்டி டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றே எம்.ஆர்.ஐ. தையலுக்குக் கீழே தசைக்குள் சிறிதாக நீர் சேர்ந்திருந்தது, வெளியே வழி இல்லை. மறுபடி திறக்கத் தேவையில்லை, இரண்டு நாள் மட்டமாகப் படுக்கட்டும் என்றார். டிரெய்ன் குழாயைப் போன ஞாயிறன்றே எடுத்துவிட்டார்களாம். இது அடங்காவிட்டால் முதுகில் ஊசிக் குழாய் போட்டு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு வழியில் வடியவைப்போம், அதற்கும் அடங்காவிட்டால்தான் ஆபரேஷன் என்று வரிசையாகச் சொன்னார். கேட்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு இரவுதான் அம்மா தூங்கினார், நானும் தூங்கினேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டதே.

வளைகிற ஸ்ட்ரா மெடிக்கலில் கிடைக்கவில்லை, ஜூஸ் கடையில் கேட்டு வாங்கினேன். காபி மூன்று வேளை. அம்மாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்ட நேரமெல்லாம் காபி. சனிக்கிழமை காலையில் கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். முப்பது டிகிரியில் அரை மணி நேரம், வலி இல்லை. சாயங்காலம் உட்கார்ந்தார். இருபது நிமிடம் கழித்து லேசாக வலித்தது. இன்று காலையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து, தட்டில் வைத்து, தன் கையாலேயே தோசை சாப்பிட்டார். நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாமக்கல் அண்ணே, அந்தப் பேப்பர் பற்றி நீங்கள் எழுதியதை டாக்டரிடம் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் அவரும் வரைந்தார். கிழிசல் ஆறு மில்லிமீட்டராம், நான்கு தையலாம். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

தியேட்டர்_சிஸ்டர்
ஞாயிறு, இரவு 8.00

தோசை சாப்பிட்டார் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது தம்பி. டிஸ்சார்ஜ் சம்மரியில் உறை கிழிந்து தைத்தது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். நாளைக்கு மூட்டு மாற்றமோ கர்ப்பப்பை ஆபரேஷனோ என்று முதுகில் ஊசி போட வேண்டி வந்தால் மயக்க மருந்து டாக்டருக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்.

வைகைக்கரை
ஆறு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.40

தாமதமாக வருகிறேன். அம்மா வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. தலைவலி பத்தாம் நாளோடு நின்றுவிட்டது. தையல் பிரித்த இடம் காய்ந்து நூல் கோடு மாதிரி இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இடது பாதத்தின் மேல்பக்கம் இன்னும் மரத்த மாதிரிதான் இருக்கிறதாம். அது ஆபரேஷனுக்கு முன்பே இருந்தது, உணர்ச்சி திரும்பி வர மாதங்கள் ஆகலாம் என்கிறார் டாக்டர். குனிந்து வாசல் தெளிக்க இன்னும் அனுமதி இல்லை. அதுதான் அம்மாவுக்குப் பெரிய குறை, அக்காள் மகள் போடும் கோலத்தில் தினமும் குற்றம் கண்டுபிடிக்கிறார். முந்தாநாள் ரேஷன் கடைவரை நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஒரு இடத்தில்கூட உட்காரவில்லை.

சம்மரியில் முதலில் எழுதவில்லை. கேட்டேன், தயங்காமல் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதைத் தமிழிலும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன். "முதுகில் எல்4-எல்5 இடத்தில் ஆபரேஷன். தண்டுவட உறை கிழிந்து தைக்கப்பட்டது. முதுகில் ஊசி போடும் முன் டாக்டரிடம் இதைக் காட்டவும்." ஜவ்வு என்று எழுதவில்லை.

மல்லிப்பூ
சனி, காலை 6.15

வைகைக்கரை அண்ணா, மாமியாருக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. நீங்களெல்லாம் எழுதியதைப் படித்திருந்ததால் முன்பே கேட்டுவிட்டேன், உறை கிழிய வாய்ப்பு உண்டா, கிழிந்தால் சொல்வீர்களா என்று. கிழியவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் நேற்று ராத்திரியிலிருந்து, உட்கார்ந்தால் பின்தலை வலிக்கிறது என்கிறார். எனக்குத்தான் தேவையில்லாத பயமா?

வைகைக்கரை
சனி, காலை 6.22

பயம் இல்லை அம்மா, நீங்கள் கேட்பது சரிதான். போர்வையை விலக்கி, முதுகுக் கட்டில் கை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் இப்போதே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். காய்ந்திருந்தால் மட்டமாகப் படுக்க வைத்துவிட்டு, எத்தனை நிமிடத்தில் வலி போகிறது என்று கடிகாரத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். ரவுண்ட்ஸ் எத்தனை மணிக்கு? நான் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.